காற்று இறங்கிய பெட்டிகள்

1957 ஜூலை 3ஆம் தேதி காலை சிகாகோவின் மேற்குப் புறநகர்களிலிருந்து மின்சார ரயிலேறி வேலைக்குப் போனவர்களுக்கு, மாலையில் வீடு திரும்ப அந்த ரயில் இல்லை. பயணிகள் சேவையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற தீர்ப்பு கைக்குக் கிடைத்ததும் ‘சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின்’ நிறுவனம் பொழுது சாயும்வரைகூடப் பொறுக்கவில்லை. நண்பகல் கடந்த சில நிமிடங்களிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டது. ஃபாரஸ்ட் பார்க்கில் நகர ரயிலிலிருந்து இறங்கி வண்டி மாற வந்தவர்களுக்கு வெற்று நடைமேடைதான் மிஞ்சியது. 1902இல் தொடங்கிய பாதை அது. தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் மின்சாரம் எடுத்துக்கொண்டு, முதலில் மரப்பெட்டிகளும் பிறகு எஃகுப் பெட்டிகளும் அரைநூற்றாண்டுக்கு மேல் அதில் ஓடின. அன்றைக்குப் பிறகு அந்தப் பெட்டிகள் வீட்டன் என்ற ஊரிலிருந்த பணிமனை வளாகத்தில் வரிசையாக நின்றன. ஆண்டுக்கணக்கில் நின்றன.

அப்படி நின்றுபோகும் பெட்டியிலிருந்து முதலில் போவது காற்று. வண்ணம் உரியச் சில ஆண்டுகள் ஆகும், மரம் உளுத்துப்போக அதைவிடக் கூடுதலாக ஆகும். காற்றோ ஓரிரு நாளுக்குள் போய்விடும். கலன்களிலும் குழாய்களிலும் அடைபட்டிருந்த அழுத்தம், இணைப்புகளின் மயிரிழை இடைவெளிகள் வழியாக வெளியேறித் தீர்ந்துவிடும். பிரேக் பிடித்திருந்த கட்டைகள் சக்கரங்களை விட்டு விலகும். காற்றிலிருந்து பிரிந்த நீர் கலனின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பிரேக் சிலிண்டருக்குள் அடைப்பாக இருக்கும் தோல், எண்ணெய்ப் பசை வற்றிச் சுருங்கும். வால்வுக்குள் மசகாக இட்டிருந்த எண்ணெய் இறுகிப் பிசினாகும். வெளியே நின்று பார்க்கிறவருக்குப் பெட்டி அப்படியே இருப்பதாகத் தோன்றும். உள்ளே, ஓடும் வண்டியை நிறுத்தக்கூடிய அத்தனையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருக்கும்.

பழைய மின்சார ரயில் பெட்டிகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு வந்தால் படங்களில் தெரிவது மகோகனி மரப் பலகைகள், வண்ணக் கண்ணாடி பதித்த மேல்சன்னல்கள், பித்தளைக் கைப்பிடிகள், பிரம்பு பின்னிய இருக்கைகள். இலினாய் மாநிலத்து யூனியன் என்ற சிற்றூரில் இருக்கும் இலினாய் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களும் இவற்றைத்தான் வியந்து பார்க்கிறார்கள். அது இயல்பு, அவை அழகானவை. ஆனால் அந்தப் பெட்டி பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு அடி நகர வேண்டுமென்றால் அதற்கு முன் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். நிற்பதற்கான வேலை முழுவதும் அடியில் நடக்கிறது. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டும், பட்டறை மேசையில் கையகல வெண்கலத் துண்டு ஒன்றை மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டும் செய்யப்படும் வேலை. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

காற்றைக் கொண்டு ரயிலை நிறுத்துவதற்கு 1869இல் காப்புரிமை பெற்றபோது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு 22 வயது. ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கத்தைக் குடைய அழுத்தக் காற்றை நெடுந்தொலைவு குழாயில் கொண்டுபோகிறார்கள் என்று பத்திரிகை ஒன்றில் படித்ததுதான் அவருக்கு வழி காட்டியது என்பார்கள். அதுவரை ரயிலை நிறுத்தியவை மனிதக் கைகள். ஓட்டுநர் ஊதல் கொடுத்ததும் பிரேக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கைச்சக்கரத்தைத் திருக வேண்டும். சரக்கு ரயில் என்றால் கூரைமேல் ஓட வேண்டும். பனிக்காலத்தில் கூரையெல்லாம் உறைபனி. அதில் வழுக்கிப் பெட்டிகளுக்கு நடுவே விழுந்து செத்தவர்கள் பலர்.

வெஸ்டிங்ஹவுஸின் முதல் பிரேக் எளிமையானது. இஞ்சினில் காற்றை அழுத்திச் சேர்த்து வைத்து, ஓட்டுநர் பிடியைத் திருப்பியதும் குழாய் வழியாகப் பெட்டிகளின் சிலிண்டர்களுக்கு அனுப்புவது. காற்று வந்தால் பிரேக் பிடிக்கும், வெளியேவிட்டால் விடும். இதில் ஒரு கொடிய ஓட்டை இருந்தது. நடுவழியில் குழாய் வெடித்தாலோ ரயில் இரண்டாக அறுந்தாலோ பிரேக்கே இல்லாமல் போகும். எப்போது மிகவும் தேவையோ அப்போது அது இல்லை.

1872இல் அவர் செய்ததை இயந்திர வரலாற்றின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். தர்க்கத்தையே தலைகீழாகத் திருப்பினார். ஓடும்போது ரயில் நெடுகிலும் குழாயில் காற்று நிறைந்திருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியும் தனக்கென்று ஒரு துணைக்கலனில் காற்றைச் சேமித்து வைத்துக்கொள்ளட்டும். குழாயில் அழுத்தம் குறைந்தால், அது ஓட்டுநர் வேண்டுமென்றே குறைத்ததாக இருந்தாலும் சரி, குழாய் அறுந்து குறைந்ததாக இருந்தாலும் சரி, பெட்டி தன் சேமிப்பிலிருந்து எடுத்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். குழாயின் அழுத்தத்தையும் கலனின் அழுத்தத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்து இதைத் தீர்மானிப்பது டிரிப்பிள் வால்வு என்ற சிறு கருவி. நிரப்புவது, பிடிப்பது, விடுவது என்று மூன்று வேலைகள் அதற்கு. மின்சாரமில்லை, கண்காணிக்க ஆளில்லை. ஒரு பிஸ்டன், அதோடு சேர்ந்து வழுக்கும் ஒரு வால்வு, சில துளைகள், ஒரு சிறு பள்ளம். அவ்வளவுதான்.

கணக்கும் இனிமையானது. குழாயில் சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் அதிலிருந்து 20 பவுண்டு இறக்கினால், துணைக்கலனின் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து இரண்டும் 50 பவுண்டில் சமன்படும். 12 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் என்றால் அதன் பிஸ்டனை 5,600 பவுண்டுக்கு மேற்பட்ட விசை தள்ளும். நெம்புகோல்கள் அதைப் பெருக்கிச் சக்கரங்களின்மேல் இரும்புக் கட்டைகளை அழுத்தும். 10 பவுண்டு மட்டும் இறக்கினால் அந்த அளவுக்கே பிடிக்கும். வால்வு நடுநிலையில் போய் நின்று அடுத்த மாற்றத்துக்குக் காத்திருக்கும்.

ஊர்விட்டு ஊர் ஓடிய மின்சார வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் வேறுபடும். தெருவில் ஒற்றைப் பெட்டியாக ஓடும் டிராமுக்குப் பழைய நேரடிக் காற்று முறையே போதும், அறுந்துபோகப் பின்னால் பெட்டி எதுவும் இல்லை. இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஓடும்போதுதான் தானியங்கி முறை தேவைப்படும். நேரடி முறையில் பிரேக் பிடித்து, ஆபத்துக்கு மட்டும் தானியங்கி முறையை வைத்துக்கொண்ட கலப்பு ஏற்பாடுகளும் இருந்தன. ஆக, புதுப்பிக்க உட்காருகிறவர் முதலில் தன்முன் இருப்பது எந்த மரபு என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒரே வார்ப்பாகத் தெரியும் இரண்டு வால்வுகளுக்குள் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

இந்தப் பெட்டிகளில் காற்று பிரேக்குக்கு மட்டுமானதும் அன்று. ஊதல் அதனால்தான் ஊதுகிறது. சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவதும் அதுதான். வெஸ்டிங்ஹவுஸின் மின்கட்டுப்பாடு பொருத்திய பெட்டிகளில் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் சுவிட்சுகளை அழுத்தி மூடுவதே காற்றுதான். அத்தகைய பெட்டி காற்றில்லாமல் நிற்கவும் முடியாது, புறப்படவும் முடியாது.

இனிப் பட்டறை மேசைக்கு வருவோம்.

பல பத்தாண்டுகள் திறக்கப்படாத டிரிப்பிள் வால்வைக் கழற்றும்போது முதலில் எதிர்ப்படுவது கரிய பிசின். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் பாகங்களைப் பிரிக்க முடியும். அவசரக்காரர் கம்பியையோ திருப்புளியையோ எடுத்துச் சுரண்டத் தொடங்குவார். அங்கேதான் வால்வு கெடுகிறது. பிஸ்டனின் புறத்தே உருளைச் சுவரில் ஒரு சிறு பள்ளம் உண்டு. குழாயின் காற்று துணைக்கலனுக்குள் ஊறி நிரம்புவது அதன் வழியாகத்தான். கலன் எவ்வளவு நேரத்தில் நிரம்ப வேண்டும் என்று கணக்கிட்டு வெட்டிய பள்ளம் அது. உலோகக் கருவியால் சுரண்டினால் அகன்றுவிடும். பள்ளம் அகன்றால் அந்தப் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும், தொடரிலுள்ள பெட்டிகள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அதனால்தான் மரக்குச்சியால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும், நூல் பிரியும் துணியைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்பது அந்தக் காலத்திலிருந்தே விதி. வழுக்கும் பரப்புக்கு எண்ணெய் கூடாது என்பதால் உலர்ந்த கிராஃபைட் பொடியைத் தடவுவார்கள். அதைத் தடவ, நுனியில் மென்தோல் துண்டு ஒட்டிய ஒரு குச்சி. விதிமுறைக் கையேடு அந்தக் குச்சியைக்கூட விட்டுவிடாமல் சொல்கிறது. பிட்ஸ்பர்க் அருகே வில்மர்டிங்கில் பெரும் தொழிற்சாலை நடத்திய ஒரு நிறுவனம், தான் விற்ற கருவியின் முகத்தை எப்படித் துடைக்க வேண்டும் என்பதுவரை கவலைப்பட்டிருக்கிறது.

வால்வின் இதயம் அந்த வழுக்கும் முகம். வெண்கலப் பரப்பின்மேல் வெண்கலத் துண்டு நகர வேண்டும். நடுவே ரப்பர் கிடையாது, பசை கிடையாது. இரண்டு உலோக முகங்கள் அவ்வளவு சமமாக இருப்பதால் மட்டுமே காற்று அடைபட்டு நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் நகர்ந்து தேய்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் விழுந்திருக்கும். ஒரு முகத்தில் நீலச் சாயத்தை மிக மெல்லியதாகப் பூசி மற்றதன்மேல் வைத்து நகர்த்தினால் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடங்களைச் சுரண்டியால் ஒரு சீவு. மறுபடி சாயம், மறுபடி சீவு. பிறகு நுண்மணல் பசையை இட்டு, தட்டையான தகட்டின்மேல் எட்டு எட்டாக வளைத்துத் தேய்ப்பு. முகம் முழுக்க ஒரே சீரான மங்கல் வரும்வரை இது தொடரும். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கணினி இயக்கும் கடைசல் இயந்திரம் பரப்பைத் தட்டையாக்கித் தரலாம். இந்த இரண்டு முகங்களும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டனவா என்பதைக் கடைசியில் கைதான் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெண்கலம் போகிறது. போதிய முறை தேய்த்த பிறகு அடிப்பரப்பையே மாற்ற வேண்டி வரும். காப்பதற்காகச் செய்யும் செயலே காக்கப்படுவதைக் கரைக்கிறது என்பது அருங்காட்சியகத்தாரை வருத்தும் உண்மை. இதைச் சுட்டிக்காட்டி, பழைய பெட்டிகளை ஓட்டவே கூடாது, கூரைக்கடியில் நிறுத்திக் காட்டினால் போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மர வேலைப்பாட்டையும் மூல வண்ணப்பூச்சையும் பொறுத்தவரை அவர்கள் வாதத்துக்கு நான் காது கொடுப்பேன். பிரேக்கைப் பொறுத்தவரை அது பொருந்தாது. காரணம் சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்க ரயில் பணிமனைகளில் பிரேக் கருவிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, சோதித்து, அதைச் செய்த தேதியையும் இடத்தின் சுருக்கெழுத்தையும் அச்சுத்தகடு வைத்துச் சாயத்தால் கருவியின்மேலேயே பதிப்பார்கள். அடுத்த முறை பழைய தேதியை மறைத்துப் புதியது ஏறும். புதுப்பிக்க வந்தவர் அழுக்கையும் பூச்சையும் படலம் படலமாக நீக்கும்போது இந்தத் தேதிகள் வெளிப்படும். கடைசித் தேதியைப் பார்ப்பது மனதை ஏதோ செய்யும். யாரோ ஒருவர் அன்று இதைத் திறந்து, துடைத்து, மூடி, அடுத்த முறைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த அடுத்த முறை வரவில்லை.

இந்தக் கருவி திறக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. தோல் வற்றும் என்று தெரிந்தேதான் தோல் வைத்தார்கள். முகம் தேயும் என்று தெரிந்தேதான் அடிப்பரப்பை மாற்றக்கூடியதாகச் செய்தார்கள். கலனில் நீர் சேரும் என்று தெரிந்ததால் வடிகுழாய் வைத்தார்கள். தினமும் அதைத் திறந்துவிட ஓர் ஆள் இருப்பார் என்பது அந்த வடிகுழாயிலேயே அடங்கியிருக்கிறது. பராமரிக்கும் கையையும் ஒரு பாகமாகச் சேர்த்தே வடிவமைத்த இயந்திரம் இது. ஆகவே இதைப் புதுப்பிக்கிறவர் செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கவில்லை. 1957இலோ வேறோர் ஆண்டிலோ பாதியில் விட்டுப்போன ஒரு வழக்கத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துத் தொடர்கிறார். அந்தத் தொடர்ச்சியைத்தான் நான் காப்பு என்பேன். தேய்மானமே இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் டிரிப்பிள் வால்வில் வெண்கலம் மட்டும் காக்கப்பட்டிருக்கும்.

‘இது மூலப் பாகம்தானா?’ என்று பார்வையாளர்கள் கேட்பதுண்டு. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் தோலை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்க்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தண்டு நுனியில் கிண்ணம் போலக் கவிந்த ஒரு தோல் வாஷர் இருக்குமே, அது காய்ந்து காற்று ஏறாமல் போனால் வீட்டில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு விரலால் விரித்துவிடுவோமே, அதே பொருள்தான் இங்கே பன்னிரண்டு அங்குல அகலத்தில் இருக்கிறது. காற்றே அதன் விளிம்பைச் சுவரோடு அழுத்தி அடைப்பை உண்டாக்கும். உள்ளிருந்து ஒரு வில்வளையம் விளிம்பை விரித்துப் பிடிக்கும். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் தோலைப் பதமாக வைக்கப் பழங்காலம் முதல் பயன்பட்டு வருவது. 1914இல் கட்டிய பெட்டி 1957வரை ஓடியது என்றால் அதற்குள் எத்தனையோ தோல்கள் மாறியிருக்கும். அவற்றில் எது மூலத் தோல்? பின்னாளில் ரயில்வேக்களே தோலை விட்டு ரப்பருக்கு மாறின. ரப்பர் கிண்ணம் கிடைத்தால் அதைப் போடுவதில் தவறில்லை என்கிறார்கள் சில தன்னார்வலர்கள், அது நெடுநாள் தாங்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் நான் தோலின் பக்கம் நிற்பேன். தோலைப் பதப்படுத்தி, வார்ப்பில் அழுத்திக் கிண்ணமாக்கி, எண்ணெயும் மெழுகும் ஊட்டத் தெரிந்த கைகள் ஒரு தலைமுறைக்குப் பயன்படாமல் போனால், ரப்பர் கிடைக்காத நாளில் அந்த வேலையைச் சொல்லித்தர யாரும் இருக்க மாட்டார்கள்.

காற்றுக் கலன்கள் விஷயத்தில் எனக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. தறையாணி அடித்துச் சேர்த்த நூறாண்டுக் கலன் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே துரு தின்றிருந்தால் அது வெடிகுண்டு. நீரால் நிரப்பி, ஓட்ட அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தேறாவிட்டால் கழற்றி வைத்துவிட்டுப் புதிய கலனைப் பொருத்த வேண்டும். மேலே குழந்தைகள் உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள்.

காற்றழுத்திக்கு வந்தால் அது வேறு வகை உழைப்பு, கனமும் அழுக்கும் நிறைந்தது. 600 வோல்ட் மோட்டார், பற்சக்கரம், இரண்டு பிஸ்டன்கள். பெட்டி நிலையத்தில் நிற்கும்போது அடியிலிருந்து வரும் அந்தத் தொடர் துடிப்புச் சத்தம் இதுதான். பழைய ரயில்களில் பயணம் செய்த அமெரிக்க முதியவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் முகம் மாறும். உள்ளிழுக்கும் காற்றை வடிகட்ட அன்று சுருட்டிய மயிரை அடைத்தார்கள். தோல், மயிர், எலும்பெண்ணெய் என்று பாதி இயந்திரம் கால்நடைகளிடமிருந்து வந்தது. 1930களில் வந்த புதுவகைத் தெரு வண்டிகள் பிரேக் வேலையில் பெரும்பகுதியை மின்மோட்டாரிடமே ஒப்படைத்தன. 1945க்குப் பிறகு அந்த வகையில் காற்றே இல்லாத வண்டிகள் வரத் தொடங்கின. சிக்கனம்தான், பராமரிப்பும் குறைவு. நிலையத்தில் நிற்கும் வண்டி அதன் பிறகு மௌனமாகிவிட்டது.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் நிறுவனத்தின் வழிவந்த வாப்டெக் இன்றும் ரயில் பிரேக்குகள் செய்கிறது, இன்றைய ரயில்களுக்கு. நூறாண்டுக்கு முந்தைய வால்வுக்குப் பாகம் வேண்டுமென்றால் உடைத்துப்போட்ட பெட்டிகளிலிருந்து யாரோ எடுத்து வைத்தவை, மூடிய பணிமனைகளின் அலமாரிகளிலிருந்து வந்தவை, அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்பவை என்றுதான் தேட வேண்டும். இல்லையேல் வரைபடம் பார்த்து வார்த்துக் கடைய வேண்டும். யூனியன் அருங்காட்சியகமே இப்படிச் சேர்க்கும் மனத்திலிருந்து பிறந்தது. 1953இல் இண்டியானா ரயில்ரோடின் 65ஆம் எண் பெட்டியை வாங்குவதற்காகச் சில நண்பர்கள் சேர்ந்தார்கள். 1931இல் கட்டிய அந்தப் பெட்டி, தன் சொந்தப் பாதை மூடப்பட்ட பின் அயோவா மாநிலத்துக்குப் போய் உழைத்து ஓய்ந்திருந்தது. 1964இல் அவர்களின் சேகரம் யூனியனுக்கு இடம் பெயர்ந்தது. சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் பெட்டிகளில் தப்பியவை பல திசைகளில் சிதறின. சில ஒஹாயோவுக்குப் போய் ஏறக்குறைய அரைநூற்றாண்டு தனியார் சேகரத்தில் இருந்துவிட்டு மறுபடி இலினாய்க்கே திரும்பி வந்தன.

கையேடுகள் கிடைக்கின்றன. பாக எண்களும் குறுக்குவெட்டுப் படங்களும் கொண்ட அருமையான கையேடுகள். ஆனால் அவை, படிக்கிறவருக்குப் பக்கத்தில் மூத்த தொழிலாளி ஒருவர் நிற்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டவை. பிஸ்டன் வளையம் சரியாகப் பொருந்த வேண்டும் என்று சொல்லும். எவ்வளவு இறுக்கம் சரி என்பதை அந்த மூத்தவரின் விரல் சொல்லியிருக்கும். வீட்டனிலும் பிற ஊர்களிலும் பணிமனைகள் மூடப்பட்டபோது பிரிந்துபோனது இந்த விரலறிவு. முன்னாள் தொழிலாளர்கள் சிலர் ஓய்வுக்குப் பின் அருங்காட்சியகங்களுக்கு வந்து இளைஞர்களோடு வேலை செய்ததால் கொஞ்சம் தப்பியது. எஞ்சியதைத் தன்னார்வலர்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்கள். வார நாட்களில் வேறு பிழைப்புப் பார்த்துவிட்டுச் சனி, ஞாயிறுகளில் அடியில் படுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று என்றால் சோதனை. காற்றழுத்தி ஓடுகிறது, அழுத்தமானியில் இரண்டு முட்கள் ஏறுகின்றன. சிவப்பு முள் காற்றழுத்தி நிரப்பும் முதன்மைக் கலனுக்கு, கறுப்பு முள் பிரேக் குழாய்க்கு. உரிய அளவு வந்ததும் காற்றழுத்தியை அணைத்துவிட்டு முட்களைப் பார்த்தபடி நிற்பார்கள். இறங்கும், இறங்காமல் இருக்காது. நெடிய சரக்கு ரயிலுக்கே நிமிடத்துக்கு 5 பவுண்டுக்குமேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்க வழக்கம், ஒற்றைப் பெட்டிக்கு அதைவிடக் கண்டிப்பாக இருக்கலாம். பிறகு சோப்பு நுரையை வாளியில் கரைத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகத் தூரிகையால் தடவிப் போவார்கள். குமிழி வந்த இடத்தில் கசிவு. ஒன்றை இறுக்கினால் அழுத்தம் கூடி, அதுவரை பேசாமலிருந்த இன்னொன்று வாயைத் திறக்கும். கசிவே இல்லாத பிரேக் அமைப்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தாங்கக்கூடிய கசிவுக்குள் அதைக் கொண்டுவந்து வைத்திருப்பதே வேலை.

கடைசியாக இது ஓட்டுநரின் கைக்குப் போகிறது. பிரேக் பிடியைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போது அந்தப் பித்தளைப் பிடியைக் கையோடு கொண்டுபோவார். இந்தப் பெட்டிகளை ஓட்டக் கற்கிறவருக்கு மோட்டாரை இயக்குவது சீக்கிரம் பிடிபடும். காலம் எடுப்பது பிரேக்தான். 1878இல் இங்கிலாந்தில் பிரைட்டன் பாதையில் டக்ளஸ் கால்ட்டன் வெஸ்டிங்ஹவுஸோடு சேர்ந்து நடத்திய சோதனைகள் ஓர் உண்மையை நிறுவின. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் இரும்புக் கட்டையின் பிடிப்பு குறைவு, வேகம் குறையக் குறையப் பிடிப்பு கூடும். அதனால் தொடக்கத்தில் அழுத்தமாகப் பிடித்து, வண்டி மெதுவாக ஆக ஆகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வர வேண்டும். நிற்கப்போகும் கணத்தில் சிலிண்டரில் மிகச் சிறிதளவே காற்று மிஞ்சியிருக்க வேண்டும். அப்போதுதான் நிற்கும் பயணி தடுமாறாமல் இருப்பார். மழை பெய்தால் கணக்கு மாறும், இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் இலைகள் நசுங்கிக் கிடந்தால் இன்னொரு மாதிரி மாறும்.

பெட்டிக்குப் பெட்டியும் மாறும். ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று பிடியைத் தொட்டதும் பிடிக்கும், மற்றது ஒரு மூச்சு யோசித்துவிட்டுப் பிடிக்கும். பழகிய ஓட்டுநர் இதைச் சொல்லிவிடுவார்: விடுவிக்கும்போது காற்று இழுத்துக்கொண்டே போகிறது, கட்டை முழுதாக விலகவில்லை, பிடி கடினமாகத் திரும்புகிறது. அன்றைய ஓட்டம் முடிந்ததும் அதைப் பதிவேட்டில் எழுதி வைப்பார். அடுத்த சனிக்கிழமை பட்டறையில் அந்தப் பெட்டியின் வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் போடுகிறார்கள். நீலச் சாயக் குப்பியைத் திறக்கிறார்கள்.